கடற்கரை எங்கே நீண்டது?

பள்ளிப் பாடநூல்களில் தலைமுறைகளாக 7,516 கி.மீ. என்று படித்துவந்த இந்தியக் கடற்கரையின் நீளம், அண்மைய மறுகணக்கீட்டில் 11,098 கி.மீ. ஆகியிருக்கிறது. புதிதாக நிலம் எதுவும் சேர்ந்துவிடவில்லை. 1970களில் 1:45,00,000 அளவுத்திட்டத்தில் அளந்த கரையை இப்போது 1:2,50,000 அளவுத்திட்டத்தில் அளந்திருக்கிறார்கள். பழைய வரைபடத்தில் ஒரே கோடாக ஓடிய இடங்கள், நெருங்கிப் பார்த்தபோது கழிகளாகவும் ஓடைகளாகவும் தீவுகளாகவும் பிரிந்துகொண்டன. செய்தி வந்த நாட்களில் தமிழ்நாடு ஆந்திரத்தை முந்திவிட்டது என்பதையே பலரும் பேசினார்கள். மாநிலவாரிப் பட்டியலில் என் கண் வேறோர் இடத்தில் நின்றது. மேற்கு வங்கத்தின் கரை 157 கி.மீ.யிலிருந்து 721 கி.மீ.யாகவும், குஜராத்தின் கரை 1,214 கி.மீ.யிலிருந்து 2,340 கி.மீ.யாகவும் நீண்டிருக்க, காயலும் வள்ளமுமாகவே நாம் நினைத்துப் பழகிய கேரளத்தின் கரை 569இலிருந்து 600 வரை மட்டுமே வந்திருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வை ஆறு கடலைச் சேரும் இடங்களின் வரைபடமாகவே நான் படிக்கிறேன். வங்கத்திலும் குஜராத்திலும் கடல் அகன்ற வாய்களின் வழியே நிலத்துக்குள் வெகுதூரம் நுழைகிறது. கேரளத்தில் ஆற்றுநீர் கடற்கரைக்கு இணையாக, ஒரு மணல் வரப்பின் பின்னால் படுத்திருக்கிறது; இடையிடையே ஒடுங்கிய வாய்கள் இருந்தாலும் கரைக்கோடு ஏறக்குறைய நேராகவே ஓடிவிடுகிறது. நீர்ப்பரப்பின் அளவு ஒன்று, கரை எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பது மற்றொன்று.

கழிமுகங்களை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் சட்டகம் அமெரிக்கக் கடலியலாளர் டொனால்ட் பிரிட்சர்ட் வகுத்தது. உருவான விதத்தை வைத்து அவர் நான்கு வகைகளைச் சொன்னார்: பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள், பனியாறுகள் குடைந்த ஆழமான குடாக்கள், அலை ஒதுக்கிய மணல் திட்டுகளால் அடைபட்ட கழிகள், நிலம் பிளந்தோ தாழ்ந்தோ உண்டானவை. இந்தியக் கரையில் இரண்டாம் வகைக்கு இடமில்லை. பனியாறு எதுவும் நம் கடலை எட்டியதில்லை. மற்ற மூன்றும் உண்டு, பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே உண்டு.

பிரிட்சர்ட் 1967இல் எழுதிய வரையறையும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கடலோடு தடையற்ற தொடர்புடையதும், ஓரளவு நிலத்தால் சூழப்பட்டதும், நிலத்திலிருந்து வரும் நன்னீரால் கடல்நீர் அளந்தறியும் அளவுக்கு உப்புக் குறைவதுமான கரையோர நீர்ப்பரப்பே கழிமுகம் என்பது அதன் சாரம். அவர் ஆய்ந்த அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆண்டு முழுவதும் ஆறுகள் ஓடுவதால் இந்த வரையறை அங்கே பொருந்திப்போகிறது. இந்தியாவுக்கு வந்தால் அதன் ஒவ்வொரு சொல்லும் எங்கேனும் ஓரிடத்தில் இடறுகிறது. கோடையில் அடையாற்றின் முகத்துவாரம் மணலால் அடைந்து கிடக்கும்போது கடலோடு தடையற்ற தொடர்பு என்பது இல்லை. சூலையில் கோவாவின் மாண்டோவி ஆற்றில் வெள்ளம் இறங்கும்போது உள்ளே உப்புக் குறைவதற்குக் கடல்நீரே ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. கச்சின் கோரி கழியிலோ நன்னீர் வரத்து அற்றுப்போய், கடலைவிட உள்ளே உப்பு மிகுந்திருக்கிறது. மூன்றையும் கழிமுகம் என்றுதான் அழைக்கிறோம், அழைக்கவும் வேண்டும். ஆகவே இந்தியாவில் வகை என்பதை இடத்தின் இயல்பாக மட்டும் கொள்ளாமல் மாதத்தின் இயல்பாகவும் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இடத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது ஓதம். கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு தென்முனையிலிருந்து வடக்கே போகப் போக இரு கரைகளிலும் கூடிக்கொண்டே போகிறது. கொச்சியில் அது ஏறக்குறைய 1 மீட்டர், கோவாவில் 2 மீட்டருக்குச் சற்று மேல், மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி 4 மீட்டரைத் தாண்டும், காம்பத் வளைகுடாவின் பாவ்நகரில் 10 மீட்டரையும் தாண்டும். கிழக்கே சென்னையில் 1 மீட்டரை ஒட்டியும், ஹூக்ளியின் வாயில் 5 மீட்டர் அளவிலும் இருக்கும். மேற்குக் கரைக்கு வெளியே கண்டத்திட்டு, அதாவது கடலடியில் நீளும் நிலத்தின் விளிம்பு, வடக்கில் 300 கி.மீ. வரை அகன்று, ஆழம் குறைந்து கிடக்கிறது. அதன் மேல் ஏறிவரும் ஓத அலை உயர்கிறது; காம்பத் வளைகுடா வாய் அகன்று உள்ளே குறுகுவதால் இன்னும் உயர்கிறது. தெற்கில் அலைக்குத்தான் ஆட்சி. அலை மணலை ஒதுக்கி ஆற்றின் வாயை மூட முயல்கிறது. ஓதம் நாளுக்கு இருமுறை உள்ளே போய் வந்து அதைத் திறந்து வைக்க முயல்கிறது. இந்த இரண்டில் எது வலியது என்பதை வைத்தே கச்சிலிருந்து சுந்தரவனம் வரை பெரும்பாலான கழிமுகங்களின் வடிவத்தை ஊகித்துவிடலாம்.

நர்மதையும் தபதியும் நிலத்தின் பிளவுப் பள்ளங்களில் மேற்கு நோக்கி ஓடிவந்து காம்பத் வளைகுடாவில் சேர்கின்றன. இவை கொணரும் வண்டல் குறைவானதன்று. ஆனாலும் கோதாவரியைப் போலக் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் வடிநிலத்தை இவை கட்டவில்லை. ஓதத்தின் வலிமை வண்டலைத் தங்கவிடாமல் வளைகுடா முழுவதும் கலக்கி அலைக்கழிக்கிறது. மேல்நீருக்கும் அடிநீருக்கும் உப்பில் பெரிய வேறுபாடு இல்லாத, நன்கு கலந்த கழிமுகம் என்பதற்கு இந்தப் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. நீர் ஆண்டு முழுவதும் சேற்று நிறத்திலேயே இருக்கும். சர்தார் சரோவர் அணைக்குப் பின் கோடையில் வரும் நன்னீர் குறைந்து, பரூச் நகரை நோக்கி உப்பு ஏறியதும், மழைக்காலத்தில் கடலிலிருந்து ஆறேறும் ஹில்சா மீனின் வரத்துச் சரிந்ததும் அப்பகுதி மீனவர்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறைகள்.

கோரி கழியின் கதை இன்னும் கடுமையானது. ஒரு காலத்தில் சிந்து நதியின் கிழக்குக் கிளை இதன் வழியே கடலைச் சேர்ந்தது. 1819ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அல்லா பந்து என்று இன்று அழைக்கப்படும் நீண்ட மேடு பழைய ஆற்றுத்தடத்தின் குறுக்கே எழுந்தது. அதற்குத் தெற்கே நிலம் தாழ்ந்து சிந்திரி கோட்டை நீரில் மூழ்கியது. ஆறில்லாத கழிமுகம் மட்டும் எஞ்சியது. மழை குறைவு, வெயில் மிகுதி, உள்ளே வரும் கடல்நீர் ஆவியாகி உப்புத் திரள்கிறது. அந்த உப்பையும் தாங்கி வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரங்கள் அங்கே குட்டையாக வளர்ந்து நிற்கின்றன. மேற்கு வங்கத்துக்கு அடுத்து நாட்டில் அலையாத்திப் பரப்பு மிகுந்த மாநிலம் குஜராத் என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு இந்தக் கச்சுப் பகுதியினுடையதே.

கொங்கணக் கரை வேறு குணம் உடையது. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி நிற்பதால் ஆறுகள் குட்டையானவை. கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய பள்ளத்தாக்குகளில் அவை கடலைச் சேர்கின்றன. தானே கழி, வசாய் கழி, தரம்தர் கழி என மும்பையைச் சுற்றி இருப்பவற்றில் ஆற்றைவிடக் கடலின் பங்கே மிகுதி. இவற்றைக் கடந்து தெற்கே கோவாவுக்கு வரும்போதுதான் இந்தியக் கழிமுகம் என்றால் என்ன என்பது தெளிவாகிறது. மாண்டோவிக்கும் சுவாரிக்கும் நடுவிலுள்ள டோனா பாவ்லாவில் தேசியக் கடலியல் நிறுவனம் அமைந்திருப்பதால், நாட்டிலேயே மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட கழிமுகங்களுள் இவை இரண்டும் அடங்கும். ஆண்டின் ஆற்றுநீரில் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில், அதுவும் சில நாட்கள் நீடிக்கும் வெள்ளங்களாக, விட்டுவிட்டு வந்துசேர்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் உப்பை வெளியே தள்ளுகிறது. வெள்ளம் தணிந்ததும் உப்பு உள்ளே திரும்புகிறது. மழைக்காலம் முடிந்த பிறகு ஆறு மெலிந்துகொண்டே போக, அடுத்த சூன் வரை உப்பு மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமநிலையில் நிற்கும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை.

நன்னீரும் உப்புநீரும் எவ்வளவு கலக்கின்றன என்பதை வைத்துப் பாடநூல்கள் சொல்லும் அடுக்குநிலை, பகுதிக் கலப்பு, முழுக் கலப்பு என்ற மூன்று வகைகளும் சமநிலை ஒன்றைக் கற்பித்துக்கொண்டு எழுதப்பட்டவை. மாண்டோவி ஓர் ஆண்டுக்குள்ளேயே அவை எல்லாவற்றையும் கடந்து போகிறது. மழையில் நன்னீர் மேலேயும் உப்புநீர் ஆப்புப் போல அடியிலுமாக நிற்கும். கோடையில் மேலும் கீழும் ஒன்றாகக் கலந்துவிடும். கும்பர்ஜுவா கால்வாயால் இணைந்திருக்கும் பக்கத்துச் சுவாரிகூட இதே போல நடந்துகொள்வதில்லை. அதற்கு வரும் ஆற்றுநீர் குறைவு என்பதால், பெருமழைக் காலத்திலும் அதன் வாய்ப்பகுதியில் உப்பு முழுமையாக நீங்குவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரே மழையைப் பெறும் இரண்டு வாய்கள் இப்படி வேறுபடும்போது, ஒரு மாநிலத்துக்கு ஒரு வகை என்று வண்ணம் பூசிய வரைபடங்களை எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டம் இதைவிடக் கூர்மையான ஒப்பீட்டைத் தருகிறது. காளி, கங்காவளி, அகநாசினி, சராவதி ஆகிய நான்கு ஆறுகள் அடுத்தடுத்துக் கடலைச் சேர்கின்றன. காளியிலும் சராவதியிலும் பெரிய நீர்மின் அணைகள் உண்டு. அகநாசினியில் அணையே இல்லை. மின்நிலையங்களிலிருந்து கோடையிலும் இடைவிடாமல் நன்னீர் வெளியேறுவதால் சராவதியின் கழிமுகத்தில் உப்பு ஏறவேண்டிய மாதங்களிலும் ஏறுவதில்லை. உப்பின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நம்பி வாழும் உணவுச் சிப்பிகள் அங்கே அருகிப்போயின. அகநாசினியில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். உப்பைத் தாங்கும் கக்கா என்னும் நெல்லும் அங்கே இன்னும் விளைகிறது. 2024இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அணை என்றாலே கழிமுகத்துக்கு நன்னீர் குறையும் என்று பொதுவாக எண்ணுகிறோம். நர்மதையில் நடந்தது அது. சராவதியில் கேடு விளைந்தது நன்னீர் மிகுதியால். இரண்டிலும் கெட்டது பருவம்தான்.

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுபவை. அவற்றின் வாய்களை அங்குள்ளவர்கள் எப்போதும் திறந்திருக்கும் அழி, மணல் மூடிப் பருவத்தில் மட்டும் திறக்கும் பொழி என்று பிரித்தே பேசுகிறார்கள். தோற்றத்தை விடுத்து நடத்தையை வைத்துப் பிரிக்கும் இந்த முறை, நம் கரைக்குப் பிரிட்சர்டின் நான்கு வகைகளைவிடப் பயனுள்ளது. அழிகளும் நிலையானவை அல்ல. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து கொச்சியின் வாய் அகன்றது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. வேம்பநாட்டுக் காயலின் தென்பாதியில் கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைவிக்கும் குட்டநாட்டுக்கு உப்பு ஏறாதிருக்க, 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டது. கோடையில் அதன் கதவுகள் மூடப்படும். நெல்லுக்கு அது உதவியது. உப்பில் பிறந்து காயலுக்குள் வளரவரும் இறால் குஞ்சுகளுக்கு வழி அடைபட்டது. உப்பால் ஆண்டுதோறும் மடிந்துவந்த நீர்க்களைகள் பெருகின. ஒரே காயல் இன்று வடக்கே கழிமுகமாகவும் தெற்கே ஏறக்குறைய நன்னீர் ஏரியாகவும் இருக்கிறது.

குமரி முனையைச் சுற்றி வரும்போது பருவமும் திரும்பிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதால், மேற்கே வாய்கள் விரியத் திறந்திருக்கும் மாதங்களில் இங்கே பல முகத்துவாரங்கள் மூடியிருக்கும். அதே தென்மேற்குப் பருவத்தின் அலைகள் கரையோரமாக மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. உள்ளிருந்து எதிர்த்துத் தள்ள ஆற்றில் நீர் இருப்பதில்லை, ஓதமும் சிறிது. ஆகவே வாயின் தென்கரையிலிருந்து மணல் நாக்கு வடக்கே நீண்டு வழியை ஒடுக்கி, பிறகு அடைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருவெள்ளம் வந்து அதை உடைக்கும். அடையாற்றிலும் கூவத்திலும் இந்த இயல்பான சுழற்சியின் மேல் இன்னொன்றும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கே போகவேண்டிய மணல் அவற்றின் தென்புறம் தேங்கி மெரினாவை அகலமாக்கியது. கூவத்தின் வாய் சரியாக அந்தத் தேக்கத்தில் மாட்டிக்கொண்டது. ஆண்டுதோறும் இயந்திரங்களை நிறுத்தி மணலை அள்ளுவதைப் பார்த்து ஆற்றைப் பழிப்பவர்கள் உண்டு. அங்கே ஆற்றின் குற்றம் எதுவும் இல்லை.

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. பழைய துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருப்பதற்கு அந்த ஆறு கொட்டிய வண்டலே காரணம். வைகை பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரத்துக் கண்மாய்களிலேயே முடிந்துபோகிறது. காவிரியின் வெள்ளநீர் பெரும்பாலும் கொள்ளிடம் வழியாகத்தான் கடலைப் பார்க்கிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே பிச்சாவரத்து அலையாத்திக் காடு இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருப்பதால், தமிழ்நாட்டுக் கழிமுகங்களில் மிக நன்றாக அறியப்பட்டது இதுவே. மற்றவை பெரும்பாலும் வெள்ளம் வந்தால் மட்டும் செய்தியில் இடம்பெறுபவை.

ஆந்திரத்தில் கோதாவரியும் கிருஷ்ணையும் கடலுக்குள் வடிநிலத்தை நீட்டியிருக்கின்றன. கோதாவரி தந்த மணலில் அலை கட்டிய காக்கிநாடா மணல் நாக்கு வடக்கே நீண்டு ஒரு குடாவையே மறைத்திருக்கிறது. மழைக்காலத்தில் கோதாவரியில் ஏறும் ஹில்சாவைப் புலசா என்று பெரும் விலைக்கு வாங்குகிறார்கள், ஆனால் 1852இல் முடிந்த தௌலேசுவரம் அணைக்கட்டு அதன் பழைய பயணத்தை எப்போதோ குறுக்கிவிட்டது.

ஒடிசா எனக்கு மிகவும் பிடித்த மாநிலம், ஏனெனில் அலையின் ஆட்சி ஓதத்தின் ஆட்சிக்குக் கைமாறுவதை அந்த ஒரு மாநிலத்துக்குள்ளேயே பார்க்க முடிகிறது. தெற்கே ருசிகுல்யாவின் வாயில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அம்மணலில் பங்குனி ஆமைகள் கூட்டமாக முட்டையிட வருகின்றன. அடுத்து மணல் வரப்பால் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட சிலிகா காயல். அதன் வாய் விலகியும் தூர்ந்தும் போனதால் உப்புக் குறைந்து, களைகள் மண்டி, மீன்வளம் சரிந்து, 1993இல் ஆபத்திலுள்ள ராம்சார் இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் மணல் வரப்பை வெட்டிப் புதிய வாய் திறந்தார்கள். உப்பும் மீனும் திரும்பின. 2002இல் சிலிகா அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. வாய் ஒன்றைச் சரியான இடத்தில் திறப்பது எவ்வளவு செய்யக்கூடும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. வடக்கே பிராமணியும் பைதரணியும் சேரும் பிதர்கனிகாவுக்குப் போனால் மணல் பின்வாங்கிச் சேறும் அலையாத்தியும் முதலையும் தொடங்கிவிடும்.

ஹூக்ளியில் ஓதம் முழு அதிகாரம் பெறுகிறது. பெரிய ஓத நாட்களில் ஆற்றை எதிர்த்து நீர்ச்சுவர் ஒன்று மேலேறி வரும். 1975இல் இயங்கத் தொடங்கிய பராக்கா தடுப்பணை கங்கையின் நீரை ஹூக்ளிக்குத் திருப்பியதால் அதன் உப்பு எல்லை கடல் நோக்கித் தள்ளப்பட்டது. கிழக்கே சுந்தரவனத்து மாத்லா, மேலிருந்து வரும் நன்னீரை இழந்து ஏறக்குறைய கடலின் கிளையாகவே இருக்கிறது. மேற்கு வங்கத்தின் கரை நாலரை மடங்காக நீண்டதற்குக் காரணமான வாய்களில் பல, மாத்லாவைப் போல ஆறு மெலிந்து கடல் மட்டும் வந்துபோகும் வாய்கள்.

இவ்வளவு மாறுபடும் கழிமுகத்துக்கு, அது ஆற்றில் எதுவரை என்று சட்டம் எல்லை வகுத்தாக வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல், ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு எட்டும் இடம். உப்பு மிக உள்ளே ஏறும் காலத்தைத் தேர்ந்ததில் நல்ல எண்ணம் தெரிகிறது. ஆனால் அந்த வறண்ட காலத்தின் உப்பை இன்று பல ஆறுகளில் தீர்மானிப்பது மேலேயுள்ள மதகுகள். சராவதியில் மின்நிலையத்து நீர் வந்துகொண்டிருக்கும்வரை எல்லைக்கோடு கடலை நோக்கி இறங்கி நிற்கும். நீர் நிறுத்தப்பட்ட ஆற்றில் அதே கோடு ஊர்களைத் தாண்டி மேலேறும். சட்டம் காக்கும் பரப்பு எவ்வளவு என்பது அணை இயக்கும் அட்டவணையைப் பொறுத்ததாகிவிடுகிறது. கடற்கரையின் நீளத்தை நுணுக்கமாக மறுபடி அளந்ததைப் போல, முதன்மையான வாய்களிலேனும் உப்பை மாதந்தோறும், ஓராண்டு முழுவதும் அளந்து அந்த எல்லையை வரைய வேண்டும்.